முதலில் விழுந்தது குதிரை

1912 கோடையின் கடைசியில் அமெரிக்காவின் கன்சாஸ், நெப்ராஸ்கா மாநிலங்களில் குதிரைகள் சாகத் தொடங்கின. காலையில் ஏர் இழுத்த குதிரை மாலையில் தள்ளாடும். சில சுற்றிச் சுற்றி வரும். சில லாயத்துச் சுவரில் தலையை அழுத்திக்கொண்டு அப்படியே நிற்கும். படுத்துவிட்டவை பெரும்பாலும் எழவில்லை. குளிர் வருவதற்குள் ஏறக்குறைய 35,000 குதிரைகள் போய்விட்டன. கோதுமை விதைக்கும் பருவம் அது. டிராக்டர் பரவாத அந்தக் காலத்தில், இரண்டு குதிரைகளைப் பறிகொடுத்தவனின் நிலம் தரிசாகக் கிடக்க வேண்டியதுதான்.

அந்நாளைய மருத்துவர்கள் இதைத் 'தீவன நஞ்சு' என்றார்கள். மடத்தனமான யூகம் என்று சொல்லிவிட முடியாது. பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் குதிரையின் மூளையை அழிக்கும் என்பது உண்மைதான். ஆனால், அந்தப் பெயரில் ஒரு வசதியும் இருந்தது. தீவனம் என்று சொல்லிவிட்டால் பழி உழவனின் வைக்கோல் போரோடு முடிந்துவிடும். அக்கம்பக்கத்தில் வேறு எவருக்கும் ஆபத்து என்ற பேச்சே எழாது.

1930இல் கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் அதே காட்சி திரும்பியது. சுமார் 6,000 குதிரைகள் நோயுற்றன, பாதி செத்தன. கார்ல் மேயர் என்ற ஆய்வாளர் அங்கே போனார். சுவிட்சர்லாந்தில் பிறந்தவர், கால்நடை மருத்துவம் படித்தவர். செத்த குதிரைகளின் மூளையில் அவருக்கு எதுவும் சிக்கவில்லை. நோய் முற்றும்போது கிருமி மூளையிலிருந்து மறைந்துவிடுகிறது என்று அவர் சந்தேகித்தார். உயிரோடிருக்கும், இப்போதுதான் நோய் கண்ட குதிரை வேண்டும். எந்த உழவன் கொடுப்பான்? பிழைத்துவிடும் என்ற நம்பிக்கை கடைசி மூச்சு வரை இருக்கும் அல்லவா?

பிற்பாடு மேயரே சொன்ன கதை இது. ஒரு பண்ணைக்காரர் தன் குதிரையைத் தர அடியோடு மறுத்துவிட்டார். மேயர் அவருடைய மனைவியிடம் பேசி 20 டாலர் கொடுத்தார். கணவர் உறங்கியதும் சன்னலில் அந்தப் பெண்மணி சைகை காட்ட, இருட்டில் ஒளிந்திருந்த ஆய்வாளர்கள் குதிரையின் தலையை வெட்டி எடுத்துக்கொண்டு காரில் பறந்தார்கள். அந்த மூளையை அரைத்து விலங்குகளுக்குச் செலுத்தியபோது அவற்றுக்கும் நோய் வந்தது. கிருமி ஒரு வைரஸ் என்பது உறுதியாயிற்று. இன்று அதற்கு 'மேற்கத்திய குதிரை மூளை அழற்சி வைரஸ்' என்று பெயர். 1912இல் கொன்றதும் இதுவாகவே இருக்கலாம் என்று பின்னால் பலர் கருதினார்கள். அறிவியல் வரலாற்றில் இதை வீரச் செயலாகவே சொல்கிறார்கள். விடிந்ததும் லாயத்துக்குப் போன அந்தக் கணவரின் பக்கமிருந்து பார்த்தால் இது களவு. எனக்கு இரண்டும் உண்மை என்றே தோன்றுகிறது.

என்னை அதைவிட உறுத்துவது பிந்தைய காலக்கணக்கு. இது மனிதரையும் தாக்கலாம் என்று மேயர் 1932இலேயே எழுதினார். கலிஃபோர்னியாவில் இறந்துபோன ஒரு குழந்தையின் மூளையிலிருந்து பீட்ரிஸ் ஹோவிட் அதே வைரஸைப் பிரித்தெடுத்தது 1938இல். குதிரையிலிருந்து குழந்தைக்கு வந்து சேர எட்டு ஆண்டுகள்! வைரஸ் தாமதிக்கவில்லை, தாமதித்தது நம் துறைகள். குதிரைக்கு ஒரு மருத்துவர், பிள்ளைக்கு ஒரு மருத்துவர். இருவரும் சந்திக்கும் திண்ணை இல்லை. 1941இல் அமெரிக்காவின் வட சமவெளியிலும் கனடாவிலும் 3,000 பேருக்கு மேல் இந்த நோய் கண்டது. எதனால் பரவுகிறது என்பது தெளிவானதும் அதே ஆண்டில்தான். வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கில் வில்லியம் ஹேமனும் வில்லியம் ரீவ்ஸும் கியூலெக்ஸ் டார்சாலிஸ் என்ற கொசுவில் வைரஸைக் கண்டார்கள்.

பறவைக்கும் கொசுவுக்கும் இடையில்தான் இந்த வைரஸ் வாழ்கிறது. குதிரையும் மனிதனும் அதற்கு முட்டுச்சந்து. நோயுற்ற குதிரையைக் கடித்த கொசுவால் அடுத்தவருக்குப் பரவாது. அப்படியென்றால் குதிரை குற்றவாளியல்ல, அதே கொசுக்கடியை வாங்கிய அண்டைவீட்டுக்காரர். அந்தக் கொசு பெருகும் இடம் பாசனநீர் தேங்கும் ஓரங்கள். வறண்ட மேற்கைப் பச்சையாக்கிய வாய்க்கால்களே நோய்க்கும் வழிவிட்டன. நமக்கு இது அந்நியக் கதையல்ல. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக 1955இல் அறியப்பட்டது அன்றைய வட ஆற்காடு மாவட்டத்து வேலூரில். அங்கே நெல்வயல் நீரில் பிறக்கும் கொசு. இடையில் கொக்கும் பன்றியும். இங்கும் கால்நடை பராமரிப்பு ஒரு துறை, பொது சுகாதாரம் வேறொரு துறை.

2023 நவம்பரில் அர்ஜென்டினாவில் அதே மேற்கத்திய குதிரை மூளை அழற்சியால் குதிரைகள் விழத் தொடங்கியபோது, அந்த மாதமே அரசு கால்நடை நலத்தில் அவசரநிலையை அறிவித்தது. சாந்தா ஃபே மாகாணத்தில் மனித நோயாளி ஒருவர் உறுதியானது டிசம்பரில். நாட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் மனிதரிடம் காணாத நோய் அது. எட்டு ஆண்டுகள் இப்போது சில வாரங்களாகச் சுருங்கியிருக்கின்றன.

ஆனால், குதிரையை எச்சரிக்கை மணி என்று புகழ்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அந்த மணிக்கான செலவை யார் ஏற்றார்கள்? நகரத்துக்கு முன்னெச்சரிக்கை கிடைக்க, உழவன் தன் ஏரை இழந்தான். கலிஃபோர்னியாவில் உழவுக்குதிரைகள் போய்விட்டன. மிஞ்சியவற்றுக்குத் தடுப்பூசி உண்டு. அந்த இடத்தில் இப்போது கோழிகள் நிற்கின்றன. கொசு ஒழிப்பு அமைப்புகள் ஊரோரங்களில் சிறு கோழிக் கூண்டுகளை வைத்து, கோடை முழுவதும் அவ்வப்போது ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதிக்கின்றன. வைரஸ் வந்தால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் தெரியும், கோழி சாவதில்லை. தீவனத்துக்கான பணமும் பொதுப்பணம்தான்.