தோலில் விழும் கோடு

இவ்வாரத் தியானப் பகுதி: யாத்திராகமம் 35:30-35, அப்போஸ்தலர் 9:43 - 10:28



உங்கள் கையிலிருக்கும் வேதாகமத்தின் மேலட்டையைச் சற்று உற்றுப் பாருங்கள். பல பிரதிகளில் ஓரத்தைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடும். சிலவற்றில் அது இரட்டைக் கோடாகவும், சிலவற்றில் பொன்னிறமாகவும் இருக்கும். இன்று அது பெரும்பாலும் செயற்கைத் தோலில் இயந்திரம் அழுத்திய கோடு. ஆயினும் அவ்வழக்கம் கைவேலையிலிருந்து வந்தது. புத்தகம் கட்டும் கைவினைஞர் சூடேற்றிய இரும்பைத் தோலின்மேல் அழுத்தி இழுத்த கோட்டையே இயந்திரம் போலச்செய்கிறது. அந்தக் கோட்டையும், அதைப் போடும் கையையும் குறித்து இவ்வாரம் சிந்திப்போம்.

தோலில் அலங்காரக் கோடு போடுவது பார்வைக்கு எளிது, செய்கைக்கு அரிது. எல்லாத் தோலும் கோட்டை ஏற்காது. குரோமிய உப்பில் பதனிட்ட தோலில் அழுத்திய தடம் நன்றாக நிலைப்பதில்லை. மரப்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறிப் பதமான தோலே கோட்டைத் தாங்கும். அதை ஈரப் பஞ்சால் துடைத்து, நனைந்த நிறம் மங்கி இயல்பு நிறம் திரும்பத் தொடங்கும் வேளைக்குக் காத்திருக்க வேண்டும். பின்பு கவராயத்தின் ஒரு காலைத் தோலின் ஓரத்தில் ஓட்டி, மறுகாலால் மெலிதாகத் தடம் இடுவர். மழுங்கிய முனையுள்ள இரும்பை அளவாகச் சூடாக்கி, அத்தடத்தின்மேல் சீராக அழுத்தி இழுப்பர். நார்கள் இறுகிக் கோடு கருத்து மினுங்கும். சூடு மிஞ்சினால் தோல் கருகும்; குறைந்தால் கோடு தெளியாது. கை நடுங்கினால் அந்த நடுக்கமும் அப்படியே பதியும். பூவும் கொடியும் வேண்டுமாயின், கூரிய கத்தியால் மேற்பரப்பை மட்டும் கீறி, கீறலின் ஒரு பக்கத்தைச் சிறிய இரும்பு அச்சால் தட்டித் தாழ்த்துவர். ஒருமுறை விழுந்த கீறலை எவராலும் அழிக்க முடியாது.

இத்தகைய தோலுக்கு உதவிய பட்டைகளுள் நம் நாட்டில் பெயர்பெற்றது ஆவாரம்பட்டை. மழை பொய்த்த ஆண்டிலும் நம் கரிசல் சீமையின் ஓடைக்கரையிலும் தரிசிலும் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் அதே ஆவாரைதான். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல் 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரில் கடல் கடந்து சென்றது. 2008-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் அக்குறியீடு கிடைத்தபோது ஊரே மகிழ்ந்தது. தோலுக்குக் கிடைத்ததை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கமலையில் நீர் இறைத்த காலத்தில், சாலோடு பிணைத்த தோல் வால் கிழிந்தால் தோட்டம் காய்ந்துபோகும். உழுபவன் காலுக்குச் செருப்பு, மாட்டுக்கு வார், ஊருக்குப் பறை என யாவும் தோல் தொழிலாளியின் கையிலிருந்தே வந்தன. அந்தக் கையை ஊர் எப்படி நடத்தியது? கோவில்பட்டிக்கு அருகே ஆண்டிபட்டியில் பிறந்த எழுத்தாளர் பூமணி, 1979-ல் வெளிவந்த தம் 'பிறகு' நாவலில் அழகிரி என்னும் செருப்புத் தைக்கும் தொழிலாளியின் வாழ்வைச் சொல்லியிருக்கிறார். விசுவாசிகள் வாசிக்கத் தகுந்த நூல் அது. கைவேலை வேண்டும், கை வேண்டாம் என்பதே ஊரின் நீதியாக இருந்தது.

வேதமோ வேறொரு நீதியைச் சொல்லுகிறது. ஆதியாகமம் 3:21-ஐப் பாருங்கள். வேதாகமத்தில் முதன்முதலாகத் தோலில் உடை செய்தவர் தேவனாகிய கர்த்தரே. வெட்கி ஒளிந்த மனிதனுக்கு அவர் தம் கையால் உடை செய்து உடுத்தினார். ஆசரிப்புக் கூடாரத்துக்குச் சிவப்புச் சாயம் தோய்த்த ஆட்டுக்கடாத்தோலினால் மூடி செய்யக் கட்டளையிட்டவரும் அவரே. அந்தத் திருப்பணிக்கென்று பெசலெயேலைத் தேவஆவியினால் நிரப்பினார். அகோலியாபையும் உடன் சேர்த்தார். ஒருவன் யூதா கோத்திரத்தான். மற்றவன் தாண் கோத்திரத்தான். கைத்திறமையைக் கர்த்தர் ஒரே குலத்தின் சொத்தாகவோ சுமையாகவோ வைக்கவில்லை. பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் வரத்தையும் அவர்களுக்கு அருளினார்.

புதிய ஏற்பாட்டுக்கு வாருங்கள். யோப்பா பட்டணத்தில் பேதுரு அநேக நாள் தங்கியது தோல் பதனிடுகிற சீமோன் வீட்டில். செத்த மிருகத்தைத் தொடும் தொழில் என்பதால் யூதர் அதைத் தாழ்வாக எண்ணினர். பதனிடும் இடம் ஊருக்கு ஐம்பது முழம் தள்ளியிருக்க வேண்டும் என்று மிஷ்னா விதிக்கிறது. நம் ஊர்களின் சேரி எங்கே இருக்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சீமோன் வீட்டு மேல்மாடியில்தான், எந்த மனிதனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லாதிருக்கப் பேதுரு கற்றுக்கொண்டான். ஆவியானவர் இந்தப் பாடத்தை எருசலேம் தேவாலயத்தில் கற்பித்திருக்கலாம். தோல் ஊறும் வாடையுள்ள வீட்டையே தெரிந்துகொண்டார்.

நம் மிஷனரி சரித்திரமும் இதற்குச் சாட்சி. 1793-ல் இந்தியாவுக்கு வந்த வில்லியம் கேரி இங்கிலாந்தில் செருப்புத் தைத்தவர். அவர் பெயரைப் பெருமையோடு சொல்லுகிறோம். அதே குத்தூசியைப் பிடித்த நம்மூர்ச் சகோதரனை மட்டும் ஏன் வாசலோரத்தில் நிறுத்துகிறோம்?

பிரியமானவர்களே, மனதில் பட்டதை மறைக்காமல் எழுதுகிறேன். இன்று நகரங்களில் தோல் கைவினை கற்க மக்கள் பணம் கட்டிச் சேருகிறார்கள். கையால் கோடு போட்ட பணப்பையும் இடைவாரும் நல்ல விலைக்குப் போகின்றன. அது நல்லதே. ஆனால் ஒருவர் செய்தால் கலை என்றும், பரம்பரையாகச் செய்தவர் செய்தால் தீட்டு என்றும் சொல்லும் நாவு கர்த்தருக்கு அருவருப்பானது. அத்தொழிலை மேன்மைப்படுத்துகிறோம் என்று சொல்லி, அருந்ததியர் பிள்ளைகளை அதிலேயே கட்டிவைப்பதும் அநீதி. 2009-ல் தமிழக அரசு அருந்ததியருக்கு 3 சதவீத உள் இடஒதுக்கீடு தந்தது; 2024-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அது பிள்ளைகள் படித்து விரும்பிய வேலைக்குப் போகத் திறந்த வாசல். தொழிலுக்கு மதிப்பும், மனிதனுக்கு விடுதலையும் சேர்ந்தே வரவேண்டும்.

இதில் சபைக்கு ஒரு தனிக் கடன் உண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறிஸ்துவை ஏற்றுக்கொள்ளும் ஒடுக்கப்பட்டவர் பட்டியல் சாதி உரிமையை இழக்கிறார். இயேசுவுக்காக அவர் செலுத்தும் விலை அது. அந்த விலையைக் கொடுத்து உள்ளே வருகிறவரைச் சபையும் தள்ளி உட்காரவைத்தால், அவர் எங்கே போவார்? 1833-லேயே பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகள் சாதி வேற்றுமையைக் கைவிடவேண்டும் என்று கடிதம் எழுதினார். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆகியும் பல ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில் கோடு இருக்கிறது. பெண் கொடுத்து எடுப்பதில் கோடு இருக்கிறது. அசனப் பந்தியிலும் கண்ணுக்குத் தெரியாத கோடு இருக்கிறது. தோலில் போடும் கோடு அதை அழகாக்கும். நாம் மனிதருக்குள் போட்ட கோடு கிறிஸ்துவின் சரீரத்தைக் கீறும்.

எனவே சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த அறுப்பின் பண்டிகையில் நெற்கதிரோடும் பருத்தியோடும் கம்போடும் குத்தூசியும் தோல் சீவும் கத்தியும் பீடத்தண்டையில் வைக்கப்படட்டும். பேருந்து நிலையத்தில் செருப்புத் தைப்பவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதிருங்கள். பெயர் கேளுங்கள், மரியாதையாய்ப் பேசுங்கள். அசனத்தில் நீங்களே எழுந்துபோய், இதுவரை உட்காராத வரிசையில் உட்காருங்கள். அவர்கள் வீட்டு அழைப்பையும் ஏற்று, பேதுருவைப்போல அங்கே தங்குங்கள்.

ஏசாயா 49:16-ல் கர்த்தர் நம்மைத் தம் உள்ளங்கைகளில் வரைந்திருப்பதாகச் சொல்லுகிறார். அந்தக் கையில் இருப்பது எல்லாருடைய பெயரும்தான். அதில் ஒருவன் பெயரை நாம் தள்ளிவைக்க முடியாது.

ஜெபம்: எங்களுக்கு உடை செய்து உடுத்தின தேவனே, உழைக்கும் கைகளைக் கனப்படுத்த எங்களுக்குக் கற்றுத்தாரும். எங்கள் சபைகளில் நாங்கள் போட்ட பிரிவினைகளை உம் குமாரனுடைய இரத்தத்தினால் நீக்கிப்போடும். தோல் தொழில் செய்யும் குடும்பங்களையும், அவர்கள் பிள்ளைகளின் கல்வியையும் ஆசீர்வதியும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.