தாயத்தா பேச வைக்கும்?

திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் அசைகிறது. கொட்டு முழங்குகிறது, கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. நடுவே நான்கு வயதுச் சிறுவன் இரு காதையும் பொத்திக்கொண்டு அலறினால் ஊர் என்ன சொல்லும்? ‘அருள் வந்தது’ என்பார் ஒருவர். ‘பேய் பிடித்தது’ என்பார் மற்றொருவர். இரைச்சல் தாங்காது துடிக்கிறான் என்று கூற எவரும் இலர்!

1943-லேயே அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளை ஆராய்ந்து ஆட்டிசத்தை விளக்கி எழுதினார். மூளை வளரும் விதத்திலுள்ள வேறுபாடு அது, முன்வினையன்று, கண்ணேறன்று. எனினும் இராசபாளையத்து நூற்பாலைத் தொழிலாளியின் கூலி தாயத்துக்கும் தகட்டுக்கும் கரைகிறது. காசு போகட்டும், தோழர்களே! பயிற்சி பெரும்பயன் தரும் இளம்பருவம் போகிறதே, அதை எந்தப் பூசாரி மீட்டுத் தருவான்?

பழி யார் தலையில்? தாயின் தலையில்! ‘உன் வயிற்றில் பிறந்ததன் பலன்’ என்பாள் மாமியார். படித்த மேலைநாடும் இதில் பின்தங்கவில்லை. புரூனோ பெட்டல்ஹைம் என்பார் 1967-இல் நூலே எழுதி, பெற்றோரின் அன்பின்மைதான் காரணம் என்றார். பூசாரியின் முன்வினை, இவர் கையில் தாய்வினை ஆயிற்று! ஆட்டிசமுள்ள மகனின் தந்தையான பெர்னார்டு ரிம்லாண்டு, 1964-லேயே அந்த வாதத்தைத் தகர்த்திருந்தார்.

நம் வீடு மட்டும் தூயதோ? தாயத்தை அறுத்தெறிந்த அதே கை, எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளையை ‘மக்கு’ என்று குட்டுகிறதே! அறிவிருந்தும் எழுத்தை ஒலியோடு இணைக்க இயலாத நிலைக்கு டிஸ்லெக்சியா என்று பெயர். பிரம்பு அதற்கு மருந்தன்று. ஆசிரியனாகவே சொல்கிறேன், கடைசி பெஞ்சும் ஒருவகைத் தீண்டாமையே.

அடுத்து நடக்கவிருப்பதைப் படமாய் முன்னரே காட்டுங்கள். கட்டளையைச் சிறு சொற்களாய் நறுக்குங்கள். பேசாத பிள்ளை படத்தைத் தொட்டுத் தண்ணீர் கேட்கட்டும். வீட்டில் தாய் கையாளும் முறையே வகுப்பிலும் தொடரட்டும். இதற்குப் பயின்ற ஆசிரியர் வேண்டாமா?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் பெயர் சொல்லியே சேர்த்துள்ளது. தொடக்கப்பள்ளியில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று 2021-இல் உச்சநீதிமன்றம் அளவு வகுத்தது. இரு நகர இளைஞர்களே, பள்ளிதோறும் செல்லுங்கள்: இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர்? சிறப்பாசிரியர் எத்தனை பேர்? வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? விடையை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.