கதவு திறந்திருக்கு, நாற்காலி எத்தனை?



இந்த மாத விளையாட்டுப் பக்கத்துக்கு நான் எடுத்துக்கொண்டது கிரிக்கெட் இல்லை. ஏ.டி.சி.சி. என்ற உலகப் போட்டி. பெயரே புதுசா இருக்கேன்னு அடுத்த தாளுக்குப் போயிடாதீங்க. ஒரு போட்டிக்கு ஆளை எப்படித் தேர்ந்தெடுக்கணும் என்பதுதான் நான் பேச வந்த விஷயம். அது எல்லா விளையாட்டுக்கும் பொருந்தும்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். இதற்கு சப்மிஷன் கிராப்ளிங் என்று பெயர். குஸ்தி மாதிரிதான். ஆனால் முதுகு தரையில் பட்டதும் ஆட்டம் முடிந்துவிடாது. குத்து, உதை கிடையாது. எதிராளியின் கையையோ காலையோ மடக்கிப் பிடிக்கணும், இல்லையென்றால் கழுத்தில் பிடி போடணும். தாங்க முடியாதவர் கையால் தட்டினால் போதும், உடனே விட்டுவிடணும். தட்டியவர் தோற்றவர். சாதாரண ஆட்டம் 10 நிமிடம். அதில் முதல் 5 நிமிடம் பாயிண்ட்டே கிடையாது. பாயிண்ட்டுக்குப் பயப்படாமல் பிடி போட்டு ஜெயிக்கப் பார் என்று அர்த்தம்.

ஏ.டி.சி.சி. என்றால் அபுதாபி காம்பாட் கிளப். அபுதாபி அரச குடும்பத்து ஷேக் தஹ்னூன் ஆரம்பித்தது. முதல் போட்டி 1998-ல் அபுதாபியிலேயே நடந்தது. 2003-க்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊர் ஊராக நடந்தது. 2009-ல் பார்சிலோனா, 2013-ல் பெய்ஜிங், 2017-ல் பின்லாந்து. 2021-ல் வரவேண்டிய போட்டி கொரோனாவால் தள்ளிப்போய் 2022-ல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்தது. 2024-லும் அதே ஊர்தான்.

இதில் எப்படிச் சேருவது? மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, போன தடவை சாம்பியன் ஆனவருக்கு இடம் உறுதி. இரண்டு, ட்ரையல்ஸ் என்ற தகுதிப் போட்டியில் முதலிடம் பெறுவது. வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, ஐரோப்பா-மத்தியக் கிழக்கு-ஆப்பிரிக்கா, ஆசியா-ஓசியானியா என்று பகுதி பிரித்து ட்ரையல்ஸ் வைக்கிறார்கள். மூன்று, நடத்துபவர்களே கூப்பிட்டுக் கொடுக்கும் அழைப்பு.

இந்த மூன்றில் எனக்குப் பிடித்தது ட்ரையல்ஸ்தான். பணம் கட்டிப் பெயர் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் இறங்கலாம். ஒலிம்பிக் மல்யுத்தத்தில் தகுதிப் போட்டியில் ஜெயித்தால் கிடைக்கும் இடம் நாட்டுக்குச் சேரும். அந்த இடத்தில் யாரை அனுப்புவது என்று பிறகு அந்த நாட்டில் முடிவு செய்வார்கள். இங்கே அப்படி இல்லை, ஜெயித்தவருக்கே இடம். யாருடைய சிபாரிசும் தேவையில்லை. அது பெரிய விஷயம் இல்லையா?

ஆனால் கஷ்டமும் இருக்கு. ஒரு எடைப் பிரிவில் 128 பேர் சேர்ந்தால் வரிசையாக 7 ஆட்டம் ஜெயிக்கணும். கணக்குப் போட்டுப் பாருங்க. 127 பேர் வீட்டுக்குப் போறாங்க. கடைசி ஆட்டம் வரை வந்து தோற்றவரும் அந்த 127-ல் ஒருத்தர்தான்.

'அப்போ ட்ரையல்ஸ் மட்டும் போதும், அழைப்பே வேண்டாம்' என்று சிலர் சொல்லலாம். அதுவும் சரியில்லை. 2003-ல் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் நடந்ததைக் கேளுங்க. மார்செலோ கார்சியா என்ற 20 வயது அண்ணன் ட்ரையல்ஸில் தோற்றுவிட்டார். கடைசி நேரத்தில் ஒருவர் விலக, அந்த இடத்துக்கு இவரைக் கூப்பிட்டார்கள். வந்தவர் பெரிய பெரிய ஆட்களைத் தோற்கடித்து 77 கிலோ பிரிவில் தங்கமே வாங்கிட்டார்! பிறகு 2005, 2007, 2011 என்று மொத்தம் நான்கு தடவை அதே பிரிவில் சாம்பியன். ஒரே ஒரு நாள் தோற்றதற்காக அவரை மறந்திருந்தால் யாருக்கு நஷ்டம்?

ஆகவே அழைப்பும் வேண்டும். ஆனால் அதற்குக் காரணம் எழுத்தில் இருக்கணும். ட்ரையல்ஸில் யார் ஜெயித்தார் என்று எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அழைப்பில் ஏன் இவர், ஏன் அவர் இல்லை என்று தெரிவதில்லை. 'பேர் பெற்றவர் வந்தால்தான் கூட்டம் வரும்' என்பது நியாயம்தான். டிக்கெட் விற்கணுமே! ஆனாலும் இன்ன போட்டியில் இன்ன வெற்றி என்று இரண்டு வரி எழுதிப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆண்களுக்கு 5 எடைப் பிரிவு, ஒவ்வொன்றிலும் 16 பேர். மொத்தம் 80. பெண்களுக்கு? போட்டி ஆரம்பித்து ஏழு வருடம் கழித்து 2005-ல்தான் இடமே கிடைத்தது. 2022-ல் 2 பிரிவு, ஒவ்வொன்றிலும் 8 பேர், மொத்தம் 16. 60 கிலோவுக்குள் ஒன்று, 60-க்கு மேல் ஒன்று, அவ்வளவுதான். 61 கிலோ அக்காவும் 90 கிலோ அக்காவும் ஒரே பிரிவு! பரிசும் அப்படியே. அந்த வருடம் தங்கம் வாங்கிய ஆணுக்கு 10,000 டாலர், பெண்ணுக்கு 6,000 டாலர். பிடி போட்டால் இரண்டு பேருக்கும் ஒரே வலிதானே?

2024-ல் பெண்களுக்கு 3 பிரிவு ஆக்கினார்கள். 55 கிலோவுக்குள், 65 கிலோவுக்குள், 65-க்கு மேல். 16 இடம் 24 ஆனது. என்ன நடந்தது தெரியுமா? புதிதாக வந்த 55 கிலோ பிரிவில் ஆஸ்திரேலியாவின் அடேல் ஃபோர்னாரினோ தங்கம் வென்றார். அதோடு நிற்காமல், எடை வித்தியாசம் பார்க்காத பொதுப் பிரிவிலும் தன்னைவிடப் பெரியவர்களோடு மோதி அவரே ஜெயித்தார். 65 கிலோ பிரிவில் வெள்ளி வாங்கிய ஹெலனா கிரெவாருக்கு அப்போது வயது 17. நம்மைவிட மூன்று வயசுதான் மூத்தவங்க!

'பெண்களில் இந்த விளையாட்டு ஆடுறவங்க கம்மி, அதான் இடமும் கம்மி' என்பார்கள். நான் ஒத்துக்க மாட்டேன். ஒலிம்பிக் மல்யுத்தத்தில் பெண்களுக்கு 2004-ல் ஏதென்ஸில்தான் கதவு திறந்தது, அதுவும் 4 எடைப் பிரிவு மட்டும். 2016-ல் ரியோவில் அதை 6 ஆக்கினார்கள். அந்த ரியோவில்தான் நம் நாட்டின் சாக்ஷி மாலிக் 58 கிலோ பிரிவில் வெண்கலம் வாங்கினார். மல்யுத்தத்தில் இந்தியப் பெண் வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. ஆள் வந்த பிறகு நாற்காலி போடலாம் என்று காத்திருந்தால் ஆள் எப்படி வரும்? உட்கார இடமில்லாத பஸ்ஸில் 'யாருமே உட்காரலையே' என்று கண்டக்டர் கேட்பது போல இருக்கு இந்தப் பேச்சு.

வேறு எவராவது சரி செய்வார்கள் என்றும் நம்ப முடியவில்லை. 2024-ல் கிரேக் ஜோன்ஸ் என்ற வீரர், ஏ.டி.சி.சி.யில் பணம் குறைவு என்று சொல்லி, அதே லாஸ் வேகாஸில் அதே வாரம் தனிப் போட்டி வைத்தார். கலந்துகொண்டாலே 10,001 டாலர், அதாவது ஏ.டி.சி.சி. தங்கத்தைவிட ஒரு டாலர் அதிகம்! ஜெயித்தால் பத்து லட்சம் டாலர். நல்ல கேள்விதான் கேட்டார். ஆனால் அந்தப் பத்து லட்சத்துக்கான இரண்டு பிரிவுமே ஆண்களுக்குத்தான். பெண்களுக்குத் தனி ஆட்டம் மட்டும்தான் வைத்தார்.

கடைசியாக ஒன்று. இந்தியா ஆசியா-ஓசியானியா பகுதியில் வருது. அந்தப் பகுதியில் ஜப்பானும் இருக்கு, ஆஸ்திரேலியாவும் இருக்கு. ட்ரையல்ஸுக்குப் போகணும் என்றால் பாஸ்போர்ட், விசா, விமான டிக்கெட். ஜெயித்தால்தான் இடம், தோற்றால் அத்தனை செலவும் போச்சு. கதவு எல்லாருக்கும் திறந்திருக்கு என்பது உண்மை. ஆனால் கதவு வரைக்கும் போக பஸ் சார்ஜ் வேணுமே!

எனவே என் கருத்து இதுதான். பெண்களுக்கும் ஒவ்வொரு பிரிவிலும் 16 இடம் வேண்டும். ட்ரையல்ஸில் இரண்டாம் இடம் வந்தவரை முதல் மாற்று ஆளாக எழுதி வைக்கணும். அழைப்புக்குக் காரணம் வெளியே சொல்லணும். ஆசியா மாதிரிப் பெரிய பகுதியில் ட்ரையல்ஸ் பல ஊரில் வைக்கணும்.

நம் பள்ளியிலும் சோனல் கபடிக்கு ஆள் எடுக்கும் நாள் வருது. எல்லோரையும் இறக்கிப் பார்த்து எடுக்கணும், பெண்கள் டீமுக்கும் அதே அளவு பிராக்டீஸ் நேரம் வேணும் என்று கேட்கலாம் என்று நினைக்கிறேன். நீங்க என்ன நினைக்கிறீங்க? இந்தத் தாளுக்குக் கீழே இடம் விட்டிருக்கேன், எழுதுங்க.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி