பிரசவத்தைக் காட்டி மைதானத்தை மூடாதீர்கள்

2025 நவம்பரில் நவி மும்பையில் நம் பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பையைத் தூக்கினார்கள். மகளை அகாடமியில் சேர்க்கலாமா என்று அப்பாக்கள் விசாரிக்கத் தொடங்கியதுமே பழைய பாட்டும் தொடங்கிவிட்டது. "பொம்பளப் புள்ள இப்படிக் குதிச்சா நாளைக்குப் பிரசவம் கஷ்டமாயிடும்." திண்ணைப் பேச்சென்றால் விட்டுவிடலாம். படித்தவர்களும் தலையாட்டுவதுதான் எரிச்சல்.

இது நம்மூர்ச் சரக்கு மட்டுமல்ல. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடிய பெண்கள் சுருண்டு விழுந்ததாகப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின. 1960 வரை அந்த ஓட்டமே பெண்களுக்கு இல்லாமல் போனது. பனிச்சறுக்குத் தாண்டுதல் மருத்துவரீதியில் பெண்களுக்கு உகந்ததல்ல என்ற தொனியில் 2005-இல்கூடப் பேசினார், அந்த விளையாட்டின் உலகக் கூட்டமைப்புத் தலைவர் காஸ்பர். 2014-இல் ஒலிம்பிக்கில் பெண்கள் தாண்டினார்கள். வானம் இடிந்து விழவில்லை.

பிரசவம் கஷ்டமாகும் என்பவர்கள் சொல்லும் காரணம் இதுதான்: ஓடி, குதித்து, எடை தூக்கினால் இடுப்புக்குழியின் அடித்தசை இறுகிவிடும், குழந்தையின் தலை இறங்காது, கத்திதான் வைக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், வலுவான தசை விரியாத தசை அல்ல. ஐஸ்லாந்தில் முதல் பிரசவம் கண்ட சுமார் 250 பெண்களை ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் வெளிவந்தது. போட்டி விளையாட்டில் இருந்தவர்களுக்குச் சிசேரியனும் கூடவில்லை, கடுமையான கிழிசலும் கூடவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

இனி நான் போகிற இடமெல்லாம் சொல்லும் எண்ணுக்கு வருகிறேன்: 44.9. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் நூற்றுக்கு இத்தனை பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8. நாட்டின் சராசரியோ 21.5தான். இந்தத் தாய்மார்களில் எத்தனை பேர் ஈட்டி எறிந்தவர்கள்? எத்தனை பேர் கபடி ஆடியவர்கள்? பத்தாம் வகுப்பில் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சருக்குத் தாரைவார்த்தவர்கள், வயதுக்கு வந்த கையோடு சைக்கிளைத் தம்பிக்குக் கொடுத்தவர்கள்தானே பெரும்பாலோர்? அதே கணக்கெடுப்பில் நம் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. இதைப் பேச வாய் வராதவர்கள்தான் மைதானத்தின் மீது பழி போடுகிறார்கள். இவர்களுக்குப் பிரசவம் பற்றிய கவலையே இல்லை. பெண்ணை வீட்டுக்குள் வைக்க ஒரு சாக்கு வேண்டும்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. விடிகாலையில் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு வரும் பெண்ணின் தட்டில் மூன்று இட்லியும் தண்ணிச் சாம்பாரும். செலவாகும் சக்திக்குச் சாப்பாடு ஈடாகாதபோது உடம்பு முதலில் நிறுத்துவது மாதவிலக்கை. கருமுட்டை வெளிவருவது தடைபடும், எலும்பு தேயும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-லேயே எச்சரித்தது இதைத்தான். இங்கே பல கோச்சுகளுக்கு மாதவிலக்கு நின்றால் "நல்லா டிரெயின் பண்றே" என்று அர்த்தம்! பயிற்சி மேல் குற்றமில்லை, பட்டினி மேல்தான் குற்றம்.

பிள்ளை பெற்ற பிறகும் ஆட முடியும். சென்னையின் தீபிகா பல்லிகல் 2021 அக்டோபரில் இரட்டைக் குழந்தை பெற்றார். 2022 ஏப்ரலில் கிளாஸ்கோவில் உலக ஸ்குவாஷ் இரட்டையர் போட்டியில் இரண்டு தங்கம். வசதியுள்ளவர்களுக்கு இது முடிகிறது. தமிழக அரசு ஊழியருக்கு 12 மாத மகப்பேறு விடுப்பு. உலக மகளிர் டென்னிஸ் சங்கமும் 2025 முதல் 12 மாதம்வரை ஊதியத்தோடு விடுப்பு தருகிறது. வேலையில்லாத நம் கபடி வீராங்கனைக்கு எந்தச் சட்டத்தில் என்ன இருக்கிறது?

அரசு விளையாட்டு விடுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு மகளிர் மருத்துவரும் ஒரு சத்துணவு நிபுணரும் வேண்டும். பிள்ளை பெற்ற வீராங்கனைக்கு ஓராண்டு உதவித்தொகை வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை எல்லாப் பெண்பிள்ளைகளையும் தினமும் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள்.