எண்ணெய் பூசிய ஆயுதம்

புறநானூற்றின் 95ஆம் பாடலை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் நடத்துகிறேன். அதியமானின் தூதாகச் சென்ற ஔவை, தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்க்கிறார். அங்கே வேல்கள் பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பட்டுக் காவலில் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வது போலப் பழிப்பது, பழிப்பது போலப் புகழ்வது. மாணவர்கள் நெய் பூசிய வேலை நினைத்துச் சிரிப்பார்கள். இருபது ஆண்டுகளாக நானும் அவர்களோடு சிரித்தவன்தான். சென்ற ஆண்டு என்னால் சிரிக்க இயலவில்லை.

காரணம் ஒரு ரிவால்வர். இலக்கியம் பேசும் இடத்தில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். ஆயுதப் பெருமை பேசுவது என் நோக்கமன்று. ஒரு பொருளைப் பேணுவதற்கும் அதைப் புதிதாக்குவதற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

என் தாய்மாமா வால்பாறை மலையில் தேயிலைத் தோட்ட மேலாளராக இருந்தவர். உரிமத்துடன் ஒரு வெப்ளி ரிவால்வர் வைத்திருந்தார். பர்மிங்காமில் செய்யப்பட்டது. நானறிய அதை அவர் எவர் மீதும் நீட்டியதில்லை. ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறன்று அதைப் பிரித்துத் துடைப்பார். விடுமுறைக்குச் செல்லும் எனக்குப் பழைய வேட்டித் துணியைச் சதுரமாகக் கிழித்துக் கொடுக்கும் வேலை. பின்னாளில் கல்லூரியில் தேசிய மாணவர் படையின் பொறுப்பு வந்தபோது, .22 ரைபிள்களைத் துடைக்க மாணவர்களுக்கு நான் கற்பித்ததெல்லாம் அந்தத் திண்ணையில் கற்றதே.

மாமா மறைந்தபின், சட்டப்படி அதை உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அதற்கு முதல்நாள் சென்றிருந்தேன். மாமாவின் மகன் பெருமிதத்தோடு எடுத்துக் காட்டினான். “எவ்ளோ கறையா இருந்துச்சு அத்தான்! இப்பப் பாருங்க, புதுசு மாதிரி.” பித்தளை விளக்கு துலக்கும் பாலிஷைப் போட்டு இரவெல்லாம் தேய்த்திருக்கிறான். ஆழ்ந்த கருநீலமாக இருந்த இரும்பு, எவர்சில்வர் தம்ளரைப் போல வெளுத்துப் பளபளத்தது. அன்பினால் செய்தான், அதனால் ஒன்றும் சொல்ல வாய் வரவில்லை.

அவன் கறை என்று எண்ணியது என்ன? அந்த நீலம் வண்ணப்பூச்சு அன்று. அதுவும் ஒருவகைத் துருவே. இரும்பு ஆக்சிஜனோடு கூடுவதில் பல நிலைகள் உண்டு. நாம் அறிந்த செந்துரு பொருக்காக உதிரும். ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளே உள்ள இரும்பையும் தின்னும். மேக்னடைட் எனப்படும் கரிய ஆக்சைடு அப்படியன்று. இரும்பின் மேல் இறுகப் பற்றி நிற்கும். பழைய முறையில், மெருகிட்ட இரும்பில் எண்ணெய்ப் பசையை நீக்கி, கரைசல் பூசி, ஈரமான பெட்டியில் வைத்து வேண்டுமென்றே துருப்பிடிக்க விடுவார்கள். பிறகு கொதிநீரில் இட்டால் செந்துரு கருந்துருவாக மாறும். உதிர்வதைத் தேய்த்து நீக்கி மீண்டும் துருவேற்றுவார்கள். இப்படிப் பல தடவை, பல நாட்கள். பின்னர் வந்த முறையில் காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசலில் ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸில் சிறிது நேரம் வைத்தாலே போதும். எம்முறையாயினும் கிடைக்கும் படலம் ஓரிரு மைக்ரான் கனமே. துருவைத் துருவால் தடுக்கும் இந்தத் தந்திரத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு.

அவ்வளவு மெல்லிய படலம் தனியே நின்று காக்காது. அதன் நுண்துளைகளில் எண்ணெய் இருக்கும்வரைதான் காவல். எனவே நீலமேற்றிய ரிவால்வர் பேணுபவரை நம்பி வாழ்வது. மாமா செய்தவை எளியவை. முதலில் தோட்டாக்கள் இல்லை என்பதை ஒவ்வோர் அறையாகப் பார்ப்பார்; ஒருமுறையன்று, இருமுறை. குழலுக்குள் கரைப்பான் தோய்த்த துணியைக் கம்பியால் செலுத்துவார். வெப்ளி நடுவில் மடிந்து திறப்பதால் பின்புறமிருந்தே கம்பியை நுழைக்கலாம். அமெரிக்க ரிவால்வர்கள் பலவற்றில் சட்டகம் தடுக்கும். வாய்ப்பக்கமாகத்தான் நுழைக்க வேண்டும். அங்கே கம்பி உரசினால் குழல்வாயின் விளிம்பு தேய்ந்து குறி பிசகும். பின் உருளையின் அறைகளையும், வெற்றுக் குண்டுறைகளை வெளித்தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியையும் துடைப்பார். கடைசியாகச் சில துளி எண்ணெய், அதையும் ஏறக்குறைய முழுதும் துடைத்தெடுப்பார். “எண்ணெய் தெரியக் கூடாது, இருக்கணும்” என்பார். மிகுந்தால் தூசியோடு சேர்ந்து பிசினாகும். தோட்டாவின் பிரைமருக்குள் கசிந்து அதைக் கெடுக்கவும் கூடும். தேங்காய் எண்ணெய் கூடாது. தையல் இயந்திர எண்ணெய் போன்ற கனிம எண்ணெயே வேண்டும்.

கைபட்ட இடத்தைத் துடைக்காமல் வைக்க மாட்டார். வியர்வையின் உப்பு, விரல்ரேகையை அப்படியே செந்துருவாகப் பதித்துவிடும். தோலுறையில் இட்டு அலமாரியில் வைப்பதும் தவறு. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், பதனிட்ட வேதிப்பொருள்களும் நீலத்தை அரிக்கும். மழைக்காலம் ஓயாத அந்த மலையில் அவர் அதை எண்ணெய்த் துணியில் சுற்றி, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வைத்திருந்தார்.

இத்தனை பாடு எதற்கு என்று உலகமும் கேட்டது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1965இல் துருவேறா எஃகில் ‘மாடல் 60’ ரிவால்வரைக் கொண்டுவந்தது. ஆழ்ந்த நீலத்துக்குப் பெயர்பெற்று 1955இல் வெளிவந்த கோல்ட் பைத்தான், 2020இல் மீண்டும் வந்தபோது துருவேறா எஃகில்தான் வந்தது. பயன் கருதினால் அது சரியே. அதில் எனக்கு மறுப்பில்லை. நீலத்தை வைத்திருப்பவர் அதை எவர்சில்வரைப் போல நடத்துவதுதான் பிழை. துரு நீக்கும் அமிலங்கள், வினிகர், உலோகப் பாலிஷ், எஃகுருளையின் கரியை அகற்றவென்று விற்கும் துணி ஆகிய அனைத்தும் நீலத்தையும் சேர்த்தே அகற்றும். அவற்றுக்கு நல்ல துரு, கெட்ட துரு என்ற வேறுபாடு தெரியாது.

செந்துரு வந்துவிட்டால் என்ன செய்வது? விட்டுவைக்க முடியாதுதான். மிக மெல்லிய ஸ்டீல் வூலை எண்ணெயில் நனைத்து, அந்த இடத்தில் மட்டும் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். முழுதும் புதிதாக நீலமேற்றலாமே என்பார்கள். அதற்கு முன் இயந்திரத்தில் மெருகிட வேண்டும். கூர்விளிம்புகள் மழுங்கும், பொறித்த எழுத்துகளும் முத்திரைகளும் மங்கும். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் புதுநீலம் ஏற்றியதைவிடத் தேய்ந்த பழநீலத்துக்கே மதிப்பு அதிகம் தருவது இதனால்தான். நம் கோயில்களில் கற்சுவர்களைச் சுத்தம் செய்வதாக மணலை வீசியடித்துக் கல்வெட்டுகளை மழுங்கடித்த கதையை நாம் அறிவோம். அழுக்கையும் காலத்தையும் ஒன்றெனக் காணும் அதே கண்தான் இங்கும்.

மாமாவின் ரிவால்வரில் குழல்வாயின் ஓரம் வெளுத்திருந்தது. உறையில் போய்வந்த தேய்வு. பிடியின் பின்புறம் ஓரிடத்தில் நீலம் பழுப்பாகியிருந்தது. அவர் உள்ளங்கை பட்ட இடம். அவரது கையெழுத்து என்று எங்களிடம் கணக்கேடுகள் உள்ளன. அவரது கை என்று இருந்தது அது ஒன்றே. ஓர் இரவில் துலக்கப்பட்டுவிட்டது.

ஆகவே இவ்வாண்டு வகுப்பில் ஔவையின் பாடலை நடத்தியபோது, வழக்கமான விளக்கத்தைச் சொல்லி முடித்தபின் ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். ஔவையின் நகை தொண்டைமானின் செருக்கைப் பற்றியது, நெய்யைப் பற்றியதன்று. முறிந்த வேலுக்குப் பின்னால் முறிந்த உடல்கள் உண்டு. எவரையும் கொல்லாமல், மாதம் ஒருமுறை எண்ணெய் பூசப்பட்டு முதுமையடைந்த ஆயுதம் நகைப்புக்குரியதன்று. ஒரு மாணவி கேட்டாள்: “அப்படியானால் தொண்டைமான் பக்கமா ஐயா?” இல்லை அம்மா, அந்தக் கொட்டிலில் நெய் பூசிக்கொண்டிருந்த, பாடலில் வராத அந்த ஆளின் பக்கம் என்றேன்.