தீக்கு அஞ்சாக் குடில்

கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரையடுத்து, 2025-ம் வருஷம் ஜனவரி 7-ந் தேதி மூண்ட இரு பெருந்தீக்களுக்கு இரையான கட்டிடங்கள் 16,000-க்கும் அதிகம். 2018-ல் அதே மாகாணத்தின் பாரடைஸ் என்னும் சிற்றூர் அனேகமாக முழுதும் சாம்பலாயிற்று; அத்தீயில் 85 பேர் மாண்டனர். இவ்வளவுக்குப் பின்னும் எரிந்த மனைகளில் பெரும்பாலும் மரச்சட்ட வீடுகளே எழுகின்றன. மரம் மலிவு, தச்சர் கைக்குப் பழகியது என்பது மெய்யே. ஆயினும் வேறு வழி இருக்கிறது என்பதை ஜனங்களுக்குக் காட்டுவார் யார்?

காட்டுத் தீ நேரே வந்து வீட்டை விழுங்குவதாகப் பலர் எண்ணுகின்றனர். அனேகமாக நடப்பது அதுவன்று. காற்றில் பறந்து வரும் கங்குகள் இறவாரத்தின் கீழும், காற்றுத் துவாரங்களிலும், கூரையின் மூலை முடுக்குகளிலும் தங்கிக் கனன்று உள்ளே புகுகின்றன. காங்கிரீட் குவிமாடத்துக்கு இறவாரமில்லை. கூரை வேறு, சுவர் வேறு என்ற பிரிவுமில்லை. கங்கு தங்க இடமேது?

இது புதிய கற்பனையுமன்று. வாலஸ் நெப் என்ற கட்டிடச் சிற்பி 1941-ல் வர்ஜீனியா மாகாணத்தில், ரப்பர் பூசிய துணிப் பையை ஊதி நிறுத்தி, அதன்மேல் கம்பிவலை போர்த்திக் காங்கிரீட் பீச்சி வீடுகள் அமைத்தார். 1946-ல் பாசடீனாவில் அவர் கட்டியது இன்றும் நிற்கிறது. பின்னர், 1975-ல், ஐடஹோ மாகாணத்துச் சௌத் சகோதரர்கள் ஊதிய பையின் உட்புறமிருந்தே நுரையும், கம்பியும், காங்கிரீட்டுமாக அமைக்கும் முறையைக் கையாண்டனர். டெக்ஸஸில் இத்தாலி என்னும் ஊரிலுள்ள அவர்கள் ஸ்தாபனம் இவ்வித்தையைப் பிறருக்கும் கற்பித்து வந்திருக்கிறது.

கற்க விரும்புவோர் பெரிய வீட்டில் கை வைக்கலாகாது. பத்தடி விட்டமுள்ள ஒரு சிறு குடிலே தக்க பள்ளிக்கூடம். வட்டமான அஸ்திவாரத்தில் கம்பி நுனிகளை மேலே நீட்டி வைப்பதும், பையின் காற்றழுத்தம் தளராமற் காப்பதும், காங்கிரீட்டை மெல்லிய படைகளாகப் பூசுவதும் கை பழகியே வர வேண்டியவை. அவசரப்பட்டுக் கனமாகப் பூசினால் சரிந்து விழும். ஈரம் காத்துப் பதப்படுத்தாவிடில் வெடிக்கும். வெளியே நிற்கும் துணியுறையும் எரியக்கூடியதே. அதன்மேல் காரைப் பூச்சு அவசியம். சாளரக் கண்ணாடி வெப்பத்தில் உடைந்தால் மாடமும் காப்பாற்றாது. வளைந்த சுவரில் பீரோவை ஒட்டி வைக்க முடியவில்லை என்று முறையிடுவோர் உளர். வீடே இல்லாமற் போனவர்களுக்கு அது பெருங்குறையாகத் தோன்றாது.

சர்க்கார் செய்யக்கூடியது ஒன்றுண்டு. துணைவீடுகளுக்கு முன்கூட்டியே அங்கீகரித்த வரைபடங்களை ஸ்தல ஸ்தாபனங்கள் 2025 ஜனவரி முதல் தேதிக்குள் ஏற்பாடு செய்ய வேண்டுமென்பது அம்மாகாணச் சட்டம். அவற்றுள் ஒரு சிறு காங்கிரீட் மாடமும் இடம்பெற வேண்டும். பூகம்ப தேசமாகையால் கம்பியின் கணக்கை எஞ்சினியர் வகுக்கட்டும். எரிந்த ஊர் ஒவ்வொன்றிலும் பொது நிலத்தில் ஒரு குடிலை, நிபுணர் அருகிலிருக்க, வீடிழந்தவர்களே கட்டிப் பழகட்டும். கடன் தரும் பாங்கியரையும் இன்ஷியூரன்ஸ் கம்பெனியாரையும் அங்கே அழைத்துக் காட்டலாம். பயிற்சி முடிந்தபின் அக்குடில் வீணாகாது. தீயணைப்போரின் கருவிகளை வைக்க உதவும்.