லாரி சர்வீஸுக்குக் கடற்படை என்று பெயர் வைத்தவர்கள்

1812-ல் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் மூண்ட போரைப் பற்றிப் படித்தவர்கள் 'ப்ரொவின்ஷியல் மரைன்' என்ற பெயரைக் கடந்து வந்திருப்பார்கள். பெரும்பாலும் ஒரே ஒரு பத்தி. அதுவும் திட்டுவதற்காகவே எழுதியது போல இருக்கும். கிழட்டு கேப்டன்கள், போர் தெரியாத மாலுமிகள், எதிரியைப் பார்த்ததும் துறைமுகத்துக்குள் ஓடி ஒளிந்த கோழைகள். அப்புறம் ராயல் நேவி வந்தது, எல்லாவற்றையும் சரி செய்தது, சுபம்.

இந்தக் கதையில் பாதி பொய். மீதிப் பாதி, குற்றவாளியை விட்டுவிட்டு சாட்சியைப் பிடித்து உள்ளே தள்ளிய கதை.

முதலில் இடம். கனடா, அமெரிக்க எல்லையில் கடல் மாதிரி கிடக்கின்றன ஐந்து பேரேரிகள். மொத்தம் சுமார் 2,44,000 சதுர கிலோமீட்டர். 200 ஆண்டுகளுக்கு முன் அவற்றின் கரையில் சாலை என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை, காடுதான். கோட்டைக்கு மாவு போக வேண்டுமா, வெடிமருந்து போக வேண்டுமா, விலங்குத் தோல் மூட்டைகள் திரும்பி வர வேண்டுமா, எல்லாவற்றுக்கும் தண்ணீர் வழிதான். ஏரி யார் கையிலோ, நாடு அவர் கையில்.

இதை பிரிட்டன் 1763-லேயே பட்டுத் தெரிந்துகொண்டது. பிரான்சிடமிருந்து அந்தப் பகுதியைப் பிடித்த கையோடு அங்கிருந்த பூர்வகுடி மக்களை மட்டம் தட்ட ஆரம்பித்தார்கள். ஒடாவா தலைவர் பான்டியாக் பொறுக்காமல் டெட்ராய்ட் கோட்டையை முற்றுகையிட்டார். அது மாதக்கணக்கில் நீடித்தது. அப்படியும் கோட்டை விழவில்லை. ஏரி வழியாக ஆட்களையும் உணவையும் கொண்டு வந்து இறக்கிய ஹியூரான், மிச்சிகன் என்ற இரண்டு சின்னக் கப்பல்கள் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அந்த 1760-களில் முளைத்ததுதான் ப்ரொவின்ஷியல் மரைன். பெயரில்தான் கடற்படை. லண்டனில் ராயல் நேவியை நிர்வகித்த அட்மிரால்டிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. 1812 வாக்கில் இதன் எஜமான் யார் தெரியுமா? கனடாவில் இருந்த தரைப்படையின் க்வார்ட்டர்மாஸ்டர் ஜெனரல் இலாகா! கூடாரம் எங்கே அடிப்பது, வண்டி எத்தனை வேண்டும், மூட்டையை எப்படி நகர்த்துவது என்று பார்க்கும் இலாகா. அதன் பேரேட்டில் இந்தக் கப்பல்கள் தண்ணீரில் ஓடும் வண்டிகள். அவ்வளவுதான்.

வண்டிகளாகவே அவை ஓடவும் செய்தன. அமெரிக்கப் புரட்சி நடந்தபோது, 1777-ல் ஒரு உத்தரவு வந்தது: பேரேரிகளில் அரசுக் கப்பல்களைத் தவிர வேறு கப்பல் ஓடக்கூடாது. தனியார் கப்பல் எதிரிக்குச் சரக்கு கொண்டுபோய்க் கொடுத்துவிடுமோ என்ற பயம். விளைவு, தோல் வியாபாரிகளின் சரக்கு முழுவதும் அரசுக் கப்பலில் இடம் கிடைக்கும்வரை காத்துக் கிடந்தது. ராணுவச் சரக்குக்கு முதலிடம், மிச்சம் இருந்தால் வியாபாரிக்கு. வியாபாரிகள் மனு மேல் மனு போட்டார்கள். போர் முடிந்த பிறகும் தடை உடனே போகவில்லை. 1780-களின் பிற்பகுதியில்தான் தனியார் கப்பலுக்கு வழி திறந்தது. இத்தனை வருடம் போட்டியில்லாத ஒரு சரக்கு நிறுவனமாக ஓடிய படையிடம், பிற்காலத்தில் "உனக்கு ஏன் சண்டை போடத் தெரியவில்லை?" என்று கேட்டால் எப்படி?

அந்த வேலையும் சுகமான வேலை ஒன்றும் இல்லை. 1780 அக்டோபர் 31 அன்று ஒன்டாரியோ ஏரியில் எழுந்த புயலில் 'ஒன்டாரியோ' என்ற 22 பீரங்கிக் கப்பல் மூழ்கியது. கட்டி ஆறு மாதம்கூட ஆகாத கப்பல். 120-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. கப்பலைக் கண்டுபிடிக்க 2008 வரை ஆனது. கோழைகள் என்று எழுதுபவர்கள் நவம்பர் மாதத்து ஏரிக்காற்றில் ஒருமுறை போய் நின்று பார்க்கலாம்.

அப்புறம் சமாதானம் வந்தது. சமாதானம் வந்தால் கணக்குப்பிள்ளைகள் வருவார்கள், எந்த ஊரிலும் இதுதான் வழக்கம். ஏரிக் கப்பல்களைச் சரியாக உலராத பச்சை மரத்தில் கட்டியதால் சில ஆண்டுகளிலேயே இற்றுப்போகும். குளிர்காலத்தில் ஏரி உறைந்து கப்பல் சும்மா நிற்கும். வணிகவியல் படிக்கும் எவருக்கும் இது புரியும். தேய்மானம் அதிகம், பயன்பாடு குறைவு, வருமானம் பூஜ்யம். வெட்டு எங்கே விழும் என்று ஜோசியம் பார்க்கத் தேவையில்லை. ஓய்வூதியம் கொடுத்து அனுப்பிவிட்டுப் புது ஆளைப் பயிற்றுவிப்பதற்குப் பதிலாக, இருப்பவரையே இருக்கவிட்டார்கள். அதனால்தான் 1812 பிறக்கும்போது ஒன்டாரியோ ஏரியின் தலைமை அதிகாரி ஜான் ஸ்டீலுக்கு வயது 75. மேல் ஏரிகளின் தலைமை அதிகாரி அலெக்ஸாண்டர் கிரான்ட் 1734-ல் பிறந்தவர், அவருக்கு எழுபது தாண்டிப் பல வருடம். இதைச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டியது அந்தப் பெரியவர்களைப் பார்த்தா, அல்லது பேரன் பேத்தி எடுத்த வயதிலும் அவர்களை மாற்றாமல் விட்ட நிர்வாகத்தைப் பார்த்தா?

சரி, இவ்வளவு கேவலமாக நடத்தப்பட்ட அந்தப் படை போர் வந்ததும் என்ன செய்தது? இங்கேதான் பல புத்தகங்கள் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டிவிடுகின்றன.

1812 ஜூன் 18 அன்று அமெரிக்கா போர் அறிவித்தது. அமெரிக்கத் தளபதி ஹல் படையோடு டெட்ராய்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார். போர் அறிவித்த செய்தியே அவருக்கு வந்து சேரவில்லை. நோயாளிகளையும் மருந்துகளையும் தன் சொந்தக் காகிதங்களையும் கையஹோகா என்ற கப்பலில் ஏற்றி முன்னால் அனுப்பினார். ஜூலை 2 அன்று ப்ரொவின்ஷியல் மரைனின் லெப்டினன்ட் ஃப்ரெடெரிக் ரோலெட் ஒரு படகில் கைப்பிடி ஆட்களோடு போய் அந்தக் கப்பலைப் பிடித்தார். ஹல்லின் படை பலம், திட்டம் எல்லாம் ஒரே நாளில் பிரிட்டிஷ் மேஜைக்கு வந்துவிட்டது.

அதோடு முடியவில்லை. ஈரி ஏரி ப்ரொவின்ஷியல் மரைன் கையில் இருந்ததால் ஹல்லுக்கு உணவு தண்ணீர் வழியாக வர முடியவில்லை. காட்டுப் பாதையில் வந்தால் ஷானி தலைவர் டெகும்சேயின் வீரர்கள் காத்திருந்தார்கள். ஆகஸ்டில் பிரிட்டிஷ் தளபதி ப்ராக் ஆற்றைக் கடந்தபோது குவீன் ஷார்லட், ஜெனரல் ஹன்டர் என்ற இரண்டு ப்ரொவின்ஷியல் மரைன் கப்பல்களும் பாதுகாப்புக்கு நின்றன. ஆகஸ்ட் 16 அன்று, எதிரியைவிட அதிக ஆட்களைக் கையில் வைத்துக்கொண்டே ஹல் டெட்ராய்டை ஒப்படைத்தார். ஏரி கையில் இல்லாமல் இந்தப் படையெடுப்பு ஆபத்து என்று போருக்கு முன்பே தன் அரசாங்கத்துக்கு எழுதியவர் அதே ஹல்தான்! புகழ் ப்ராக்குக்குப் போனது. டெகும்சேக்கும் கொஞ்சம் போனது. அந்த 'லாரி டிரைவர்'களுக்கு? ஒன்றும் இல்லை.

எதிர்த்தரப்பு சொல்வதையும் பார்த்துவிடலாம். 1812 ஜூலை 19 அன்று ஐந்து கப்பல்களோடு சாக்கெட்ஸ் ஹார்பர் துறைமுகத்தைத் தாக்கப் போய், ஒன்றும் சாதிக்காமல் திரும்பினார்கள். அமெரிக்கர்களிடம் அந்த ஏரியில் அப்போது இருந்த போர்க்கப்பல் ஒனைடா மட்டும்தான். நவம்பரில் அமெரிக்கக் கடற்படையின் சான்ஸி, ராயல் ஜார்ஜ் என்ற கப்பலைக் கிங்ஸ்டன் துறைமுகம்வரை விரட்டிக்கொண்டு வந்தார். உண்மை. இரண்டும் மோசமான நாட்கள். யாரும் மறுக்க வேண்டாம்.

ஆனால் சான்ஸி யார்? அமெரிக்கக் கடற்படையின் முழுநேர கேப்டன். அவர் பின்னால் நியூயார்க்கிலிருந்து தச்சர்கள், மாலுமிகள், பீரங்கிகள் எல்லாம் வந்தன. செப்டம்பரில் நியமனம், நவம்பரில் தாக்குதல். அமெரிக்கா முடிவெடுத்து இரண்டே மாதத்தில் காரியத்தில் இறங்கியது. ராயல் நேவியின் ஜேம்ஸ் யோ சுமார் 450 மாலுமிகளோடு கிங்ஸ்டன் வந்து சேர்ந்தது 1813 மே மாதம். அதற்குள் யார்க் (இன்றைய டொரன்டோ) ஏப்ரல் 27 அன்று ஒருமுறை விழுந்து, ஈரி ஏரிக்குப் போக வேண்டிய தளவாடங்களும் நாசமாகிவிட்டன. உலகின் மிகப்பெரிய கடற்படையை வைத்திருந்த அரசு, முதல் பனிக்காலம் முழுக்கத் தன் சரக்கு மாலுமிகளை எதிரியின் கடற்படைக்கு முன்னால் தனியே நிறுத்தியது. கோழை யார் என்று அப்புறம் தீர்மானிக்கலாம்.

ராயல் நேவி வந்த பிறகு நடந்ததுதான் உச்சம். ப்ரொவின்ஷியல் மரைன் அதிகாரிகளின் பதவியைத் தங்களுக்குச் சமமாக அவர்கள் ஏற்கவில்லை. வருடக்கணக்காக ஏரியின் ஒவ்வொரு திட்டும் தெரிந்தவர்கள் ஒரே நாளில் ஜூனியர்கள் ஆனார்கள். சிலர் விலகினார்கள். ஈரி ஏரியின் தலைமையில் இருந்த ஜார்ஜ் ஹால் கப்பல் பட்டறையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார்.

ஆனாலும் எல்லோரும் போய்விடவில்லை. 1813 செப்டம்பர் 10, ஈரி ஏரிப் போர். அமெரிக்க பெர்ரியிடம் ஒன்பது கப்பல்கள், ராயல் நேவியின் பார்க்லேயிடம் ஆறு. பார்க்லேயிடம் தேர்ந்த மாலுமிகள் சொற்பம், தரைப்படை சிப்பாய்களைக் கப்பலில் ஏற்றி ஒப்பேற்றினார். குவீன் ஷார்லட்டின் கேப்டன் ஃபின்னிஸ் இறந்தார், அடுத்தவரும் அடிபட்டு விழுந்தார். கப்பலை ஏற்று நடத்தியவர் ப்ரொவின்ஷியல் மரைனின் ராபர்ட் இர்வின். லேடி ப்ரெவோஸ்ட் கப்பலில் தலைவர் படுகாயம் அடைந்ததும் பொறுப்பேற்று, தானும் காயப்பட்டவர் அதே பழைய ரோலெட். போர் தோற்றது, ஆறு கப்பலும் பிடிபட்டன. இர்வின் மிகுந்த துணிச்சலோடு நடந்துகொண்டார், ஆனால் அனுபவம் போதவில்லை என்று பார்க்லே தன் அறிக்கையில் எழுதினார். அந்த அனுபவத்தைக் கொடுத்திருக்க வேண்டியது யார் என்று கேட்பதுதான் இந்த விஷயத்தின் மொத்த சாரமும்.

இதற்கெல்லாம் பிறகு லண்டனுக்கு ஞானோதயம் வந்தது, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் மாதிரி. 1814 செப்டம்பரில் கிங்ஸ்டனில் செயின்ட் லாரன்ஸ் என்ற ராட்சதக் கப்பலை இறக்கினார்கள். 100-க்கும் மேற்பட்ட பீரங்கிகள், நெல்சனின் விக்டரி கப்பலோடு போட்டி போடும் அளவு. ஒரு சண்டைகூடப் போடாமல் போர் முடிந்தது. 1832-ல் அதை 25 பவுண்டுக்கு விற்றார்கள். ஐம்பது வருடம் பைசா பைசாவாக மிச்சம் பிடித்த கணக்கு இப்படித்தான் முடிந்தது.

ஆனால் உண்மையான நஷ்டம் அந்தப் பேரேட்டில் ஏறவே இல்லை. பார்க்லே பலம் போதாமலும் ஏன் சண்டைக்குப் போனார்? ஆம்ஹர்ஸ்ட்பர்கில் மாவு தீர்ந்துவிட்டது. சிப்பாய்கள் மட்டும் அல்ல, பிரிட்டனை நம்பிக் குடும்பத்தோடு வந்து தங்கியிருந்த ஆயிரக்கணக்கான பூர்வகுடி மக்களும் அந்த ஏரி வழி வரும் உணவை நம்பித்தான் இருந்தார்கள். ஏரி போனது, சோறு போனது, பிரிட்டிஷ் படை பின்வாங்கியது. பின்வாங்க வேண்டாம் என்று கடைசிவரை எதிர்த்த டெகும்சே, 1813 அக்டோபர் 5 அன்று தேம்ஸ் ஆற்றங்கரைப் போரில் கொல்லப்பட்டார். அவர் கட்டிய கூட்டணியும் அவரோடு உடைந்தது. 1814 டிசம்பரில் கென்ட் நகரில் சமாதான ஒப்பந்தம் போட்டபோது, பூர்வகுடிகளுக்குத் தனி நிலப்பகுதி என்ற கோரிக்கையை பிரிட்டன் கைவிட்டது. வெள்ளைக்காரனுக்கு வெள்ளைக்காரன் எல்லையைப் பழையபடி திருப்பிக் கொடுத்தான். நம்பி வந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை.

ப்ரொவின்ஷியல் மரைனை வீரர் படை என்று கொண்டாட வேண்டாம். அதுவும் அடுத்தவர் மண்ணில் அடுத்தவர் ஏரியைக் காவல் காத்த காலனியப் படைதான். ஆனால் குற்றத்தைச் சரியான கணக்கில் எழுத வேண்டும். ஒரு படையைச் சரக்கு வண்டியாக வைத்து, சரக்கு வண்டிக்கான காசு மட்டும் கொடுத்து, போர் வந்த அன்று மட்டும் போர்க்கப்பலாக மாறு என்று சொல்வது மூட்டை தூக்கியவரின் தோல்வி அல்ல. அந்த பட்ஜெட்டில் கையெழுத்துப் போட்டவரின் தோல்வி. அடுத்த முறை அந்தப் புத்தகத்தில் அந்தப் பத்தி கண்ணில் பட்டால், கேப்டனின் வயதைப் பார்த்துச் சிரிக்கும் முன் அவரை அந்த நாற்காலியிலேயே விட்டுவைத்தவர்களின் பெயரைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் கிடைக்காது.